பிராதில் விடுபட்ட பெயர்

1

இந்த வாரம் யாரோடும் பேச எனக்கு வாய் வரவில்லை. பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

கனடாவில் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் ஒரே மகள் நிவேதா இங்கேதான் பிறந்தாள். அவள் பிள்ளை ஆரவுக்கு நாலு வயது. செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் அவனோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு வருவேன். வாரம் முழுக்க நான் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான். அவன் என்னோடு ஆங்கிலத்தில் பேசுவான், நான் தமிழில் பேசுவேன், எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

போன செவ்வாய் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நிவேதா கைப்பேசியைப் பார்த்தபடியே அலுத்துக்கொண்டாள்.

"ஸ்கூல்ல சேர்க்க என்னா பாடு படுத்தறாங்கம்மா. நோட்டரிகிட்ட போய்க் கையெழுத்து வாங்கணுமாம். அதுக்கு முன்னாடி ஒரு வகுப்புல வேற உட்காரணுமாம்."

"எதுக்கு?"

"ஊசி போடாததுக்கு."

"எந்த ஊசி?"

"எதுவுமே."

ஆரவுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று அவளே என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். அதை நினைவுபடுத்தினேன். "நீ கவலைப்படுவேன்னு சொன்னேன்" என்றாள். இந்த ஊரில், மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டால் ஊசி போடாத பிள்ளையையும் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். மனசாட்சி! எவ்வளவு பெரிய வார்த்தையை எதற்குக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள் பாருங்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அடுத்ததைச் சொன்னாள்.

"மீசில்ஸ் பத்தியாவது கவலையே இல்லம்மா. அவனுக்கு இந்தியாவிலேயே நேச்சுரலா வந்து போயிடுச்சு. இனி ஆயுசுக்கும் வராது."

"தட்டம்மையா? எப்போ வந்துது?"

"காது குத்தினோமே, அப்போ."

தோசை கருகிப் போனது. நான் அடுப்பை அணைத்தேன்.

2

போன வருஷம் ஆரவுக்கு மூன்று வயதில் காது குத்தினோம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில். எங்களுக்குக் குலதெய்வம் அவர்தான். நிவேதாவுக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி என்று நான் யோசித்தபோது என் தம்பி பழனிவேலு, "என் மருமவ புள்ளைக்கு நான் மடி குடுக்க மாட்டனா? நானே உட்காந்துக்கறேன்கா" என்று சொல்லிவிட்டான். அவளுக்கு அவன் தாய்மாமன் என்றால் அவள் பிள்ளைக்கும் அவனே என்பது அவன் கணக்கு.

தம்பிக்கு விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை இருக்கிறது. ஃப்யூஸ் கட்டைகளும் ஊறுகாய் ஜாடிகளும் செய்கிறான். வீடும் பட்டறையும் சூளையும் ஒரே வளாகம். நாங்கள் வருகிறோம் என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு ஏ.சி.யும் மாட்டி வைத்திருந்தான். அவன் மகள் கயல் பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டவள். கரும்பு போடுகிற குடும்பம். அவளும் கைக்குழந்தை இனியாவைத் தூக்கிக்கொண்டு விழாவுக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். இனியாவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

ஆரவுக்கு விளையாட ஒரு பாப்பா கிடைத்த சந்தோஷம். அவளைவிட்டு நகரவே மாட்டேன் என்றான். அவள் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். அந்த போட்டோவைப் பார்த்து நானே எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். இப்போது அதைத் திறப்பதே இல்லை.

காது குத்திய மறுநாளே ஆரவுக்கு மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது, காய்ச்சல் வந்தது. அப்புறம் முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. தம்பி மனைவி என் காதோடு, "அண்ணி, இது அம்மை மாரி இருக்குது. வாசல்ல வேப்பிலை சொருவட்டுமா?" என்று கேட்டாள். நான் நிவேதாவிடம் கேட்டேன். "ஹீட் ராஷ்மா. ஊசியெல்லாம் போட்ட பையன். வேப்பிலை அது இதுன்னு குழந்தையைப் பயமுறுத்தாதீங்க" என்றாள். நான் நம்பினேன். படித்தவள், பெற்றவள், அவள் சொல்லை நம்பாமல் வேறு யார் சொல்லை நம்புவேன்?

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலை செருகிவிட்டால் கைக்குழந்தைக்காரி யாரும் அந்த வாசலை மிதிக்க மாட்டாள். உள்ளே இருப்பவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அது சாமிக்குப் பயந்துதான் செய்கிறார்கள், மருத்துவம் தெரிந்து அல்ல. எதற்குப் பயந்தால் என்ன, பிள்ளை தள்ளி இருக்குமா இல்லையா? அன்றைக்கு வேப்பிலை செருகவில்லை. கயல் அங்கேயே இருந்தாள். விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று அடுப்படியில் நின்று வடை சுட்டாள், குழம்பு தாளித்தாள்.

ஆரவ் ஒரு வாரத்தில் எழுந்து ஓடினான். தம்பிதான் நொந்து போனான். விமான நிலையத்தில் நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கம்மா. நம்ம ஊரு வெயிலும் தூசும் புள்ளைக்கு ஒத்துக்கல. சூளை பக்கத்துல வெச்சிருக்கக் கூடாது" என்றான்.

அவள், "பரவாயில்ல மாமா" என்றாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னித்தாளாம்!

3

நாங்கள் கனடா திரும்பியபோதே அங்கே இனியாவுக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு, பிறகு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. விருத்தாசலத்தில் பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். குழாய் மாட்டிய முகத்தோடு அவள் படுத்திருந்ததைத் தம்பி வீடியோவில் காட்டினான். நான் இங்கே வேலையிடத்துக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

அங்கே டாக்டர் தம்பியிடம் கேட்டிருக்கிறார், "அம்மை கண்டவங்க யாராச்சும் வெளியூர்லேர்ந்து வந்தாங்களா?" என்று. அது பரவுகிற நோய்; எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தத் தெருவுப் பிள்ளைகளையெல்லாம் பார்க்கலாம். தம்பி சொன்ன பதில்: "வெளியூர்லேர்ந்து யாரும் இல்லைங்க சார். கனடாலேர்ந்து எங்க அக்கா பேரன் வந்தான், அவனுக்கு வெயில்ல வேர்க்குரு. அங்கெல்லாம் ஏதுங்க அம்மை? நம்ம ஊர்லேர்ந்துதான் அவனுக்கு எதனா ஒட்டியிருக்கும்."

பாவி, அப்படித்தான் நினைத்தான். வெளிநாட்டிலிருந்து செண்ட்டும் சாக்லேட்டும்தான் வரும், நோயெல்லாம் நம் தூசியிலிருந்துதான் கிளம்பும் என்று நம் ஆட்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விமானத்தில் வந்தவன் மூக்கு ஒழுகினால் நம் ஊர்க் காற்றை வைவோம். இந்தப் புத்தி எப்போது நம்மைவிட்டுப் போகும்?

இனியா பிழைத்துவிட்டாள். காதில் சீழ் வடிந்து அதுவும் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டோம்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருநாள் பட்டறையில் ஜாடி அடுக்கிய பலகை ஒன்று சரிந்து விழுந்தது. தெருவே ஓடி வந்த சத்தம். பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்த இனியா தலையைக்கூடத் திருப்பவில்லை. கயல் ஓடிவந்து பின்னால் நின்று கை தட்டியிருக்கிறாள். தட்டத் தட்ட அவள் மூடியை உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இரண்டு காதும் போய்விட்டது. இப்போது மெஷின் மாட்டியிருக்கிறார்கள், அது அவ்வளவாக உதவவில்லை. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள், காத்திருக்கிறார்கள்.

இதோடு முடிந்ததா? இல்லை. கயலின் மாமியார், "கைக்கொழந்தைய வெச்சிக்கிட்டு சூளை வூட்ல போயி ஆடுனா. புள்ளைக்கு அம்மை எறங்கற நேரத்துல எண்ணெ காயவெச்சா. ஆத்தா சும்மா வுடுவாளா?" என்று சொல்லி, தாயையும் பிள்ளையையும் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். புருஷன்காரன் வாய் திறக்கவில்லை. கயலுக்கும், தான் வடை சுட்டதால்தான் தன் பிள்ளைக்குக் காது போனது என்ற எண்ணம் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. எட்டு மாதமாக அந்தப் பெண் ஒருவாய்ச் சோறு நிம்மதியாகத் தின்றதில்லை.

இதெல்லாம் நிவேதாவுக்கும் தெரியும். "சோ சேட்" என்று எழுதி, அழுகிற பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள்.

4

அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்கார வைத்துக் கேட்டேன். எங்கே ஒட்டியது, எப்போது தெரியும், எல்லாவற்றையும் கேட்டேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஆரவ் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருக்கிறான். அங்கே வந்திருந்த ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை. சுகாதார அலுவலகத்திலிருந்து நிவேதாவை அழைத்து, ஊசி போடாத பிள்ளை என்றால் மூன்று வாரம் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க. டிக்கெட் எடுத்தாச்சேம்மா. முகூர்த்தம் குறிச்சாச்சு, மாத்தக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

காரணத்தைக் கடைசியில் என் மடியில் கொண்டுவந்து வைத்தாள் பாருங்கள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் முகூர்த்தமாவது ஒன்றாவது, நானே வாசலில் குறுக்கே படுத்திருப்பேன்.

"ஏன்டி போடல?" என்றேன்.

"நான் ரிசர்ச் பண்ணினேன்மா."

சோபாவில் சாய்ந்து, விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் வீடியோ பார்ப்பதற்கு இப்போது அதுதான் பெயர். எனக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று தெரியும். நிவேதா கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் தடுப்பூசி பற்றிய ஆராய்ச்சிக்குப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். என் அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு நானும் அவளைச் சேர்த்துவிட்டேன். வருஷா வருஷம் ஒரு நர்ஸம்மா வருவார். அவள் கையில் ரத்தம் எடுப்பார், காய்ச்சல் வந்ததா, வலி வந்ததா, எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். போகும்போது ஒரு கரடி ஸ்டிக்கர் கொடுப்பார். பனியில் சறுக்கி விழுந்து தன் முட்டி பெயர்ந்த வருஷம்கூட அந்த அம்மா வந்தார். இவளைப் போல எத்தனையோ பிள்ளைகள் வீட்டுக்கு இப்படி வருஷக்கணக்காக நடந்து நடந்து கண்டுபிடித்ததை, அதே கையை நீட்டிய இவள் ஒரே ராத்திரியில் தள்ளிவிட்டாள்.

அதைச் சொன்னேன். "அதுக்கு நான் சம்மதம் குடுக்கலையேம்மா" என்றாள்.

"இனியா குடுத்தாளா?" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. "நீங்கல்லாம் எந்த ஊசி போட்டீங்க? மண்ணுல விளையாடி, கஞ்சி குடிச்சு, வேப்பிலையில படுத்து நல்லாத்தானே வளர்ந்தீங்க? நம்ம பாரம்பரியத்துல எல்லாம் இருக்கும்மா. நீயே எவ்வளவு கதை சொல்லியிருக்கே."

சொன்னேன்தான். பனியில் அடைந்து கிடந்த பிள்ளைக்கு ஊரை இனிப்பாகச் சொல்லி வளர்த்தேன். அந்த இனிப்பை எடுத்து என் தம்பி பேத்தியின் காதில் ஊற்றுவாள் என்று யார் கண்டது?

5

அவளுக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. அதையும் அன்றைக்குச் சொன்னேன்.

மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோமே, அந்த மடியின் வலது பக்கத்தை அவள் பார்த்திருக்கிறாளா? தம்பி எப்போதும் வேட்டியை இழுத்து மூடிக்கொள்வான். வலது கால் சூம்பிப் போனது. போலியோ.

எங்கள் அப்பாவும் அம்மாவும் பீங்கான் கம்பெனியில் தினக்கூலிகள். சொட்டு மருந்துக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தாலே அச்சு காயவைக்கிற பலகைகளுக்குப் பின்னால் பெண்கள் பிள்ளைகளை ஒளித்து வைப்பார்கள். மருந்து கொடுத்தால் காய்ச்சல் வருமாம். காய்ச்சல் வந்தால் தாய் ஒருநாள் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசி விளக்கியதும் இல்லை. பிடித்து இழுத்து வாயில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அம்மா அப்படித்தான் தம்பியை ஒளித்தாள். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவன் கால் விழுந்துவிட்டது. அப்புறம் அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். ஒருநாள் தவறியதில்லை.

அம்மாவை நான் மன்னித்துவிட்டேன். அவளுக்குப் பசி இருந்தது, பயம் இருந்தது, எழுத்து தெரியாது. நிவேதாவே, உனக்கு என்ன இருந்தது? குளிர்சாதனப் பெட்டியில் மூன்று வகைப் பால் இருந்தது. ஊசி ஓசியில் இருந்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியில் அழைத்துக் கெஞ்ச ஆள் இருந்தது.

தம்பி காலைப் பற்றிச் சொன்னதும் அவள், "இதையெல்லாம் அங்கே சொல்லிடாதேம்மா. ஆரவோட மெடிக்கல் விஷயம், அது பிரைவேட்" என்றாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் வரும்போதே குறுஞ்செய்தி வந்தது: சொன்னால் இனிமேல் செவ்வாய்க்கிழமை வர வேண்டாம்.

6

மறுநாள் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால் இங்கிலீஷ் ஓடிப்போய்விடும், அதனால் தமிழில் பேச ஆள் கேட்டேன். வந்த பெண் அழகாகப் பேசினாள். குழந்தையின் விவரத்தைப் பெற்றோரிடம் மட்டும்தான் பேச முடியுமாம். இந்தியாவில் ஒரு குழந்தைக்குக் காது போய்விட்டது என்றேன். மிகவும் வருந்துகிறோம், வேறு நாட்டு விஷயம் எங்கள் வரம்பில் வராது என்றாள். நோய்க்கு மட்டும் எந்த வரம்பும் கிடையாது, விசாகூட இல்லாமல் போய்விட்டு வரலாம்.

என் கணவர், "ஆனது ஆயிடுச்சு. சொன்னா அந்தக் காது திரும்பி வரப்போவுதா? இருக்கிற ஒரு பேரனையும் ஏன் இழக்கணும்?" என்றார். அந்தக் கேள்வியோடு இரண்டு நாள் கிடந்தேன். செவ்வாய்க்கிழமை அவன் கதவருகில் ஓடிவந்து என் பையைப் பிடுங்குவது கண்ணுக்குள்ளேயே நின்றது. கயல் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் இருப்பதும் கூடவே நின்றது.

நேற்று கயலைக் கூப்பிட்டேன்.

"சாப்டியாம்மா?" என்றேன்.

"ஆச்சு அத்த. காலையிலதான் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்தேன்."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். போலீசிலும் கோர்ட்டிலும் தீராததைக் கொளஞ்சியப்பரிடம் எழுதிக் கொடுப்பார்கள். யார் கொடுக்கிறார்கள், யார் மேல் கொடுக்கிறார்கள், என்ன குற்றம், ஊர் விலாசம் எல்லாம் போட்டு எழுதி, அந்தக் கோயிலில் காவலுக்கு இருக்கிற முனியப்பர் எதிரில் கட்டிவிட்டு வருவார்கள். வழக்கு தீர்ந்தால் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"யார் மேல கட்டுன?" என்றேன்.

"பேரு எழுதல அத்த. எம் புள்ள காதக் கெடுத்தது யாருன்னு தெரியல, நானா இருந்தா எனக்குத் தண்டன குடு, வேற யாரா இருந்தாலும் காட்டிக் குடுன்னு எழுதுனேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேனா எடு" என்றேன்.

"எதுக்கு அத்த?"

"புதுசா ஒண்ணு எழுது. பேரு நான் சொல்றேன். விலாசத்தையும் சொல்றேன்."

நிவேதாவின் முழுப் பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயரைச் சொன்னேன். அடுக்குமாடி எண், தெரு, ஊர், தபால் குறியீடு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறந்தநாள் விருந்தைச் சொன்னேன், வந்த போனைச் சொன்னேன், வேர்க்குரு என்று சொன்ன பொய்யைச் சொன்னேன். நீ சுட்ட வடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மூன்று தரம் சொன்னேன்.

அந்தப் பக்கம் தம்பியின் குரல் கேட்டது. பக்கத்தில் இருந்திருக்கிறான்.

"அக்கா, வேணாங்கா. நம்ம வூட்டுப் பொண்ணு. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டா. அவ பேருல போயி..."

"தெரிஞ்சுதான்டா செஞ்சா. நீ வாய மூடு. இன்னும் எவ்ளோ நாளைக்குத்தான் நீயே மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருப்ப?" என்று கத்திவிட்டேன். "கயலு, இந்தப் போனை எடுத்துக்கிட்டு நாளைக்குப் பெண்ணாடம் போ. உங்க மாமியார் எதிர்ல ஸ்பீக்கர்ல போடு. உம் புருஷனும் நிக்கட்டும். நான் சொல்றேன்."

அவள் அழுவது கேட்டது. அழட்டும் என்று விட்டேன். நானும்தான் அழுதேன். கொஞ்சம் தேறியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நிவேதா அண்ணிக்கு என்னா தண்டனைன்னு எழுதட்டும் அத்த?"

"தண்டனை ஒண்ணும் வேணாம். அந்தப் பையனுக்கு எல்லா ஊசியும் போட வைக்கணும்னு எழுது. போட்ட அன்னிக்கு நானே வந்து பிராதைத் திரும்ப வாங்கிக்கறேன்."

பேனா ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது.

"அத எப்பிடி அத்த தண்டனையாட்டம் பிராதுல எழுதறது? அம்மை ஊசி ஒம்பதாம் மாசந்தானே போடுவாங்க? இனியாவுக்கு அது எப்ப வரும், எப்ப போய்ப் போட்டுக்கிட்டு வரலாம்னுதானே நான் காலண்டர்ல சுழிச்சு வெச்சிக் காத்துக்கிட்டு இருந்தேன்."

எழுதிக்கொள் என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.